கைமாற்றும் காகிதமும்: புரோநோட்டின் வரலாறு

தொழில் தொடங்கும் நண்பருக்குப் பணம் கொடுப்பவர் வட்டிக்கடைக்காரரைப் போல அடகுப் பொருள் கேட்பதில்லை, வங்கியைப் போல வரவு செலவுக் கணக்கைப் புரட்டிப் பார்ப்பதும் இல்லை என்பதால், இத்தகைய கடன் பழைய ஆவணங்களில் அரிதாகவே தென்படுகிறது. கோயில் கொடுத்த கடன் கல்லில் வெட்டப்பட்டது; நவாபும் ஜமீன்தாரும் பட்ட கடன் அரசுப் பதிவேடுகளில் ஏறியது; அறிமுகமான இருவருக்கிடையே வட்டியில்லாமலோ குறைந்த வட்டிக்கோ கொஞ்ச காலத்துக்குக் கைமாறிய பணம், அதாவது கைமாற்று, ஒழுங்காகத் திரும்பி வந்துவிட்டால் தடயமே இல்லாமல் மறைந்தது, திரும்பாதபோது மட்டுமே வழக்காகி எழுத்தில் நின்றது. ஆகவே அதன் வரலாற்றை வழக்குகளிலிருந்தும் சட்டங்களிலிருந்தும்தான் எழுத முடிகிறது. அவற்றைக் கால வரிசையில் படிக்கும்போது, கடன் கொடுத்தவரைப் பார்த்துச் சட்டம் கேட்கும் கேள்வி காலத்துக்குக் காலம் மாறியிருப்பதும், ஒரு கேள்விக்கு விடையாக உருவான பாதுகாப்பே அடுத்த கேள்வியைப் பிறப்பித்திருப்பதும் புலனாகின்றன.

கல்லில் நின்ற கடன்களைப் பற்றி நீண்ட விளக்கம் தேவையில்லை. முதலாம் இராசராசன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடையாக வந்த காசுகள் சோழநாட்டு ஊர்ச்சபைகளிடம் வட்டிக்கு விடப்பட்டன. காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு, அதாவது 12.5 விழுக்காடு, பொலிசை எனப்பட்ட வட்டியாக நின்றது. ஆனால் இவை சூரிய சந்திரர் உள்ளவரை நிலைக்கும்படி வைக்கப்பட்ட முதல்கள். அசலைத் திருப்பிக் கேட்பது அவற்றின் நோக்கமே இல்லை. தனி ஒருவர் மற்றொருவருக்குக் கொடுத்த கடன் பனையோலையில் எழுதப்பட்டு, தீர்ந்ததும் கிழிக்கப்பட்டது. கிழிக்கப்படாதவை செல்லரித்துப் போயின.

அந்த ஓலைகள் எவ்வாறு மெய்ப்பிக்கப்பட்டன என்பதற்கு எதிர்பாராத இடத்தில் ஒரு சான்று கிடைக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணத்தில், திருமணக் கோலத்தில் இருந்த சுந்தரரை முதியவர் ஒருவர் தம் அடிமை என்று உரிமை கொண்டாடும் பகுதி பக்தியின் பொருட்டே படிக்கப்படுகிறது என்றாலும், அதைச் சட்ட நடைமுறையின் சித்திரமாகப் படிப்பதிலும் தவறில்லை. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் அவைக்குப் போகிறது. ஆட்சி எனப்படும் நீண்டகால அனுபவம், ஆவணம் எனப்படும் எழுத்து, காட்சி எனப்படும் அயலார் சாட்சியம் ஆகிய மூன்றில் ஒன்றையாவது காட்டும்படி அவையோர் கேட்கின்றனர். சுந்தரர் முன்பே ஓலையைப் பறித்துக் கிழித்துவிட்டார். கிழிபட்டது படியோலை, மூல ஓலை தம்மிடம் உள்ளது என்கிறார் முதியவர். அந்த மூல ஓலையில் உள்ள சுந்தரரின் பாட்டனார் கையெழுத்து, அவர் எழுதிக் காப்பில் இருந்த வேறோர் ஓலையோடு ஒப்பிடப்படுகிறது. வழக்கு கடனைப் பற்றியதன்று, அடிமையைப் பற்றியது. எனினும் படியும் மூலமும் தனித்தனியே வைத்திருத்தல், கையெழுத்தை ஒப்புநோக்குதல், பாட்டனின் எழுத்து பேரனைக் கட்டுப்படுத்துதல் ஆகிய மூன்றும் கடன் ஓலைக்கும் பொருந்தும். இங்கே அவை கேட்ட கேள்வி ஒன்றே: இந்த ஓலை மெய்யானதா?

ஆங்கிலேயர் ஆட்சி கொண்டுவந்த புரோநோட்டு இந்த ஓலையின் நேரடி வாரிசு அன்று. ஒருவர் மற்றொருவருக்குக் குறிப்பிட்ட தொகையைத் தருவதாக எழுதிக் கையெழுத்திடும் வாக்குறுதிச் சீட்டை, மூன்றாம் ஆளுக்குக் கைமாற்றிக் கொடுக்கக்கூடிய வணிகப் பத்திரமாக இங்கிலாந்தின் நாடாளுமன்றம் 1704இல் இயற்றிய சட்டம் ஏற்றது. அந்தக் கருத்து, 1882 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்த 1881ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் வழியாக இந்தியா முழுமைக்கும் வந்தது. இந்திய மொழிகளில் எழுதப்பட்ட, உண்டியல் எனப்பட்ட வணிகச் சீட்டு முதலானவற்றின் உள்ளூர் வழக்கத்தைத் தொடாமல் விட்டுவைத்த அச்சட்டம், புரோநோட்டுக்கு ஒரு பெரிய சலுகையைத் தந்தது. வாய்மொழிக் கடனில், பணம் கொடுத்ததைக் கொடுத்தவர் மெய்ப்பிக்க வேண்டும். புரோநோட்டில் கையெழுத்து உண்மை என்று நிறுவப்பட்டுவிட்டால், பணம் கைமாறியது என்று 118ஆம் பிரிவின்படி நீதிமன்றம் அனுமானிக்கும், பணம் வரவில்லை என்பதைக் கையெழுத்திட்டவரே மெய்ப்பிக்க வேண்டும். சுமை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாறியதுதான் இந்தச் சிறு காகிதம் ஊர்தோறும் பரவியதற்குக் காரணம்.

தமிழில் எழுதப்படும் புரோநோட்டின் வாசகம் தலைமுறைகளாக ஏறத்தாழ மாறாமல் வருகிறது; எழுதுபவருக்கே காரணம் தெரியாத அதன் ஒவ்வொரு தொடரிலும் ஏதோவொரு சட்டப்பிரிவு ஒளிந்திருக்கிறது. ‘தாங்கள் கேட்கும்போது’ என்பது தவணை எதையும் குறிக்காமல் அதை வேண்டுகையின் பேரில் செலுத்தத்தக்க நோட்டாக்குகிறது. ‘தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவர்களுக்காவது’ என்பது வெறும் மரியாதைச் சொல் போலத் தோன்றினாலும், அதை எழுதாமல் விட்டுச் சாட்சிக் கையெழுத்தும் வாங்கிவிட்டால், 1899ஆம் ஆண்டின் முத்திரைத்தாள் சட்டப்படி அந்தக் காகிதம் புரோநோட்டு என்ற நிலையை இழந்து, கூடுதல் முத்திரைத் தீர்வைக்கு உரிய கடன் பத்திரமாகிவிடும். புரோநோட்டுக்குச் சாட்சி தேவை என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. ஓலைக் காலத்தின் பழக்கமாகவே இரண்டு சாட்சிகள் இன்றும் கையெழுத்திடுகின்றனர் என்று கருத இடமுண்டு. ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் படும்படி கையெழுத்திடுவது அந்த ஸ்டாம்பை மீண்டும் பயன்படுத்த முடியாதபடி செல்லாததாக்குவதற்கே. ஸ்டாம்பு ஒட்டாத வேறு பல பத்திரங்களை அபராதம் கட்டிச் சரிசெய்துகொள்ளலாம். புரோநோட்டுக்கோ அந்த வழியை அதே சட்டத்தின் 35ஆம் பிரிவு அடைத்துவிட்டது. சில காசு மதிப்புள்ள வில்லையை ஒட்ட மறந்ததற்காகப் பல ஆயிரம் ரூபாய் நோட்டைச் சான்றாக ஏற்காமல் ஒதுக்குவது கடுமையான விதிதான். அதனாலேயே ஊர்ப்புறத்து எழுத்தர்கள் வாசகத்தைவிட வில்லையில் அதிகக் கவனம் வைத்தனர்.

‘குடும்பச் செலவுக்காகவும் வியாபார அபிவிருத்திக்காகவும்’ என்ற தொடருக்குத் தனி வரலாறு உண்டு. இந்துக் கூட்டுக்குடும்பத்தில் கர்த்தா எனப்படும் தலைவர் குடும்பத் தேவைக்காக வாங்கிய கடன் மற்றப் பங்காளிகளின் சொத்தையும் கட்டுப்படுத்தும் என்பதால், எதற்காக வாங்கினார் என்பதை நோட்டிலேயே எழுதி வைப்பது கடன் கொடுத்தவருக்குக் காப்பாக இருந்தது. ஆனால் குடும்பம் வழிவழியாக நடத்திவந்த வாணிபமும் கர்த்தா புதிதாகத் தொடங்கிய வாணிபமும் ஒன்றல்ல. புதிய தொழிலின் ஆபத்தைக் குடும்பத்தின் சிறுவர்கள்மேல் கர்த்தா சுமத்த முடியாது என்று, அன்றைய இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் 1932இல் பெனாரஸ் வங்கி வழக்கில் தீர்ப்பளித்தது. நண்பரின் புதிய தொழிலுக்குப் பணம் கொடுத்தவருக்கு அவருடைய பூர்விகச் சொத்து முழுவதும் ஈடாக நிற்கும் என்ற எண்ணம் அதனால் தளர்ந்தது. இதே மன்றம் 1918இல், நோட்டிலோ உண்டியலிலோ யாருடைய பெயர் இருக்கிறதோ அவர் மட்டுமே அதன்மேல் பொறுப்பாவார் என்றும் கூறியிருந்தது. பணம் கூட்டு நிறுவனத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தாலும், நண்பர் தம் பெயரில் மட்டும் கையெழுத்திட்டிருந்தால், நோட்டை வைத்து மற்றக் கூட்டாளிகளைப் பிடிக்க முடியாது.

நண்பர்களிடையே வாய்வார்த்தைக்கு இருந்த மதிப்பைச் சட்டம் இன்னொரு வகையிலும் குறைத்தது. ‘கேட்கும்போது தருகிறேன்’ என்று நோட்டில் எழுதியிருக்க, ‘கடை லாபத்தில் ஓடத் தொடங்கிய பிறகு கொடுத்தால் போதும்’ என்று வாயால் சொல்லிக்கொண்டதை, எழுதப்பட்ட ஒப்பந்தத்துக்கு மாறான வாய்மொழிச் சான்று என்று கூறி 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் ஒதுக்கியது. பெரும்பாலான நட்புக் கடன்களில் உண்மையான உடன்பாடு அந்த வாய்வார்த்தையில்தான் இருந்தது என்பதை எண்ணும்போது, புரோநோட்டு கடனின் முழு உண்மையையும் எப்போதும் சொன்னதில்லை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது.

கொடுத்தாரா என்ற கேள்வியோடு, எப்போது கொடுத்தார் என்ற கேள்வியும் எழுந்தது. வழக்குத் தொடுக்கக் காலக்கெடு விதிக்கும் 1859ஆம் ஆண்டின் காலவரைச் சட்டம், பதிவு செய்யப்படாத சாதாரணக் கடன்களுக்கு மூன்று ஆண்டுக் கெடு வைத்தது. 1871, 1877, 1908, 1963 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களும் அந்த மூன்றை மாற்றவில்லை. கடன்பட்டவரைப் பழங்கடன்களின் தொல்லையிலிருந்து காப்பதே நோக்கம். நடந்தது வேறு. கெடு முடிவதற்குள், சேர்ந்துபோன வட்டியை அசலோடு சேர்த்துப் புதிய பத்திரம் எழுதி வாங்குவது வட்டிக்காரர்களின் வழக்கமாயிற்று. தக்காணத்தில் இதனால் பெருகிய கடன் 1875 மே மாதம் புனே மாவட்டத்துச் சூபாவில் தொடங்கிய கலவரமாக வெடித்து, உழவர்கள் பத்திரங்களைத் தேடி எரித்தபின், 1879இல் தனிச் சட்டம் இயற்றி அப்பகுதிக்கு மட்டும் கெடு நீட்டிக்கப்பட்டது.

தமிழகத்தில் இந்தக் கெடு வேறொரு பழக்கத்தை வளர்த்தது. கடன்பட்டவர் கெடுவுக்குள் ஒரு சிறு தொகையைச் செலுத்தி, அதைத் தம் கையெழுத்தோடு குறித்துக் கொடுத்தால், அன்றிலிருந்து புதிதாக மூன்று ஆண்டுகள் எண்ணப்படும் என்பது சட்டம். அதன்படி நோட்டின் பின்புறத்தில் ‘வரவு’ எழுதி வாங்குவது வழக்கமாயிற்று. ஐந்து ரூபாய், பத்து ரூபாய் வரவுகளால் உயிரோடு வைக்கப்பட்ட நோட்டுகள் பத்து, பதினைந்து ஆண்டுகள் நின்றன. நண்பரிடம் போய் வரவு எழுதிக் கேட்பது அவரைச் சந்தேகிப்பதாகும் என்று கூசியவர்களின் நோட்டுகளே பெரும்பாலும் காலாவதியாயின. கேட்கும்போது தருவதாக எழுதிய நோட்டுக்குக் கெடு, கேட்ட நாளிலிருந்து அன்றி, எழுதிய நாளிலிருந்தே ஓடுகிறது என்பதும் பலருக்குத் தெரியவில்லை. இதற்கு மாறாக, அதே பணம் கடனாகக் கொடுக்கப்படாமல், கேட்கும்போது திருப்பித் தர வேண்டிய வைப்பாக ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தால் கெடு கேட்ட நாளிலிருந்துதான் தொடங்கும். உறவினர் கடையில் போட்டு வைத்த பணம் கடனா, வைப்பா என்ற வழக்குகள் சென்னை உயர்நீதிமன்றத்துக்குத் திரும்பத் திரும்ப வந்ததன் காரணம் இதுவே.

இந்த வேறுபாட்டைத் தம் கணக்குமுறையிலேயே தெளிவாக வைத்திருந்தவர்கள் நாட்டுக்கோட்டை நகரத்தார். கேட்கும்போது தர வேண்டிய பணத்துக்கு நடப்பு வட்டி, குறித்த மாதங்களுக்கு விடப்பட்ட பணத்துக்குத் தவணை வட்டி என்று பிரித்தனர். ரங்கூனில் அவர்கள் மாதந்தோறும் கோயிலில் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்ததை 1929–30இல் பர்மாவில் அமைந்த வங்கி விசாரணைக் குழுவின் அறிக்கை பதிவு செய்கிறது. தமக்குள் கொடுக்கல் வாங்கலுக்குப் பேரேட்டில் எழுதும் பற்றும் வரவுமே பெரும்பாலும் போதுமானதாக இருந்தன. முறையாக எழுதப்பட்ட கணக்குப் புத்தகத்தைச் சான்றாக ஏற்ற சாட்சியச் சட்டம், அது மட்டுமே ஒருவரைப் பொறுப்பாக்கப் போதாது என்றும் சொல்லியிருந்தது. ஆனால் சொன்ன சொல்லைத் தவறியவருக்கு மறுபடி கடன் கிடைக்காது என்ற அச்சம் அந்தக் குறையை ஈடுசெய்தது. இனம், கோயில், ஊர் என்ற பிணைப்புகள் இல்லாத நண்பர்களுக்கு அந்த வசதி இல்லை.

தொழிலுக்குக் கொடுக்கப்படும் பணத்தில் மிகப் பெரிய ஆபத்து, அது திரும்பாமல் போவதைவிட, கொடுத்தவரின் மற்றச் சொத்தையும் இழுத்துக்கொண்டு போவதாக நெடுநாள் இருந்தது. வட்டிக்குப் பதிலாக லாபத்தில் பங்கு கொடுப்பதாக நண்பர் சொன்னால் அது பெருந்தன்மை போலத் தோன்றும். ஆனால் 1793இல் இங்கிலாந்தில் வாஃ எதிர் கார்வர் வழக்கு வகுத்த விதிப்படி, லாபத்தில் பங்கு பெறுபவர் கூட்டாளியாவார், தொழில் நொடித்தால் அதன் கடன்கள் அனைத்துக்கும் அவரும் பொறுப்பாவார். இந்த விதியை 1860இல் பிரபுக்கள் சபை காக்ஸ் எதிர் ஹிக்மன் வழக்கில் கைவிட்டது. லாபம் யாருக்குப் போகிறது என்பதைவிட, தொழில் யாருடைய சார்பில் நடத்தப்படுகிறது என்பதே முதன்மையானது என்று அது கூறிற்று. 1865இல் இங்கிலாந்திலும் 1866இல் இந்தியாவிலும் இதற்கெனச் சட்டங்கள் வந்தன. லாபத்தைப் பொறுத்து ஏறி இறங்கும் வட்டிக்குக் கடன் கொடுத்ததனால் மட்டும் ஒருவர் கூட்டாளி ஆகிவிடமாட்டார் என்று அவை உறுதி செய்தன.

அப்படியானால் கடன் கொடுத்தவர் தொழிலில் எவ்வளவு தூரம் தலையிடலாம்? இதற்கு விடை கல்கத்தாவிலிருந்து வந்த வழக்கொன்றில் கிடைத்தது. ராஜா பிரதாப் சந்திர சிங் என்பவர் வாட்சன் கம்பெனி என்ற வணிக நிறுவனத்துக்குப் பெருந்தொகைகளைக் கொடுத்திருந்தார். அவற்றுக்குக் காப்பாக 1863இல் ஓர் ஒப்பந்தம் எழுதப்பட்டது. அதன்படி அவருடைய இசைவின்றி நிறுவனம் முக்கியமான கொள்முதலோ ஏற்றுமதியோ செய்யக்கூடாது. கணக்குகளை அவர் பார்க்கலாம். கடன் தீரும்வரை நிகர லாபத்தில் 20 விழுக்காடு அவருக்குத் தரகாகச் சேரும். நிறுவனம் நொடித்தபோது அதனிடமிருந்து பணம் வர வேண்டியிருந்த மோல்வோ மார்ச் கம்பெனி, ராஜாவும் மறைமுகக் கூட்டாளியே என்று கூறி, அவர் இறந்தபின் எஸ்டேட்டை நிர்வகித்த கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்மீது வழக்குத் தொடுத்தது. 1872இல் பிரிவி கவுன்சில் ராஜா தரப்புக்குச் சாதகமாகத் தீர்த்தது: ஒப்பந்தத்தின் நோக்கம் கொடுத்த பணத்துக்குக் காப்புத் தேடுவதே, கட்டுப்படுத்தும் உரிமை இருந்தது, தொழிலை நடத்தும் உரிமை இல்லை.

இந்திய வணிகச் சட்ட வரலாற்றில் இந்தத் தீர்ப்புக்குக் கிடைத்திருக்கும் புகழ் நியாயமானது. கணக்கைப் பார்க்கும் உரிமை, பெரிய செலவைத் தடுக்கும் உரிமை, லாபத்தில் ஒரு பகுதி ஆகியவற்றைப் பெற்றுக்கொண்டே கடன் கொடுத்தவராக மட்டும் நிற்க முடியும் என்று அது காட்டியது. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டத்தின் 6ஆம் பிரிவு அதே கருத்தைச் சட்ட வாசகமாக்கியது. ஆயினும் ராஜா தப்பியது, என்னவாகப் பணம் கொடுத்தார் என்பது தெளிவாக எழுதப்பட்டிருந்ததனால்தான். சிறு நகரத்துக் கடைத்தெருவில் ‘நானும் கொஞ்சம் போட்டிருக்கிறேன்’ என்ற அளவில் நின்ற ஏற்பாடுகளுக்கு அந்தத் தெளிவு வாய்க்கவில்லை. தொழில் செழித்தால் அதைப் பங்கு என்றும், நொடித்தால் கடன் என்றும் கொடுத்தவரே வாதிடுவது இயல்பாகவே நிகழ்ந்தது.

1930களின் விலைவீழ்ச்சி பாதுகாப்பின் திசையைத் திருப்பியது. விளைபொருள் விலை சரிந்து, நோட்டில் எழுதிய ரூபாய் மட்டும் சரியாமல் நின்றதால், ராஜாஜியின் அமைச்சரவை 1938இல் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டத்தை நிறைவேற்றியது. 1932 அக்டோபர் 1க்கு முன் பட்ட கடன்களில், 1937 அக்டோபர் 1 அன்று நிலுவையில் இருந்த வட்டி முழுவதும் தள்ளுபடியாயிற்று. அசலைப் போல் இருமடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. வட்டி அசலை மீறக்கூடாது என்ற தர்மசாஸ்திர விதி பம்பாயிலும் கல்கத்தாவிலும் நீதிமன்றங்களால் ஏற்கப்பட்டு, சென்னையில் மட்டும் ஏற்கப்படாமல் இருந்த நிலையில், ஏறத்தாழ அதே விதி சட்டமன்றத்தின் வழியாக வந்து சேர்ந்தது. நிலம் வைத்திருந்தவர் எவரும் பெரும்பாலும் விவசாயி என்ற வரையறைக்குள் வந்ததால், கடைக்காக வாங்கிய கைமாற்றும் இதில் அடங்கியது. வட்டிக்கடைக்காரரையும் நண்பரையும் சட்டம் வேறுபடுத்தவில்லை. வேறு சொத்தில்லாத பெண்ணுக்கு வர வேண்டிய சிறு கடன் போன்ற சில விலக்குகள் மட்டும் இருந்தன.

புரோநோட்டு மத்திய சட்டத்துக்கு உட்பட்டது, மாகாணச் சட்டம் அதைத் தொட முடியாது என்ற வாதம் 1940இல் ஃபெடரல் நீதிமன்றம்வரை போனது. நோட்டின் பேரில் தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டபின் எஞ்சுவது தீர்ப்புக் கடனே என்று சொல்லிப் பெரும்பான்மை நீதிபதிகள் சட்டத்தைக் காத்தனர். நீதிபதி சுலைமான் உடன்படவில்லை. வங்காளத்துச் சட்டம் ஒன்றைப் பற்றிய வழக்கில் 1947இல்தான் பிரிவி கவுன்சில் இந்த ஐயத்தை முழுமையாகத் தீர்த்தது. விடுதலைக்குப்பின் வந்த 1957ஆம் ஆண்டின் வட்டிக்கடைக்காரர் சட்டம் கடன் கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்களிடம் உரிமம் கேட்டது; மீட்டர் வட்டி, கந்துவட்டி முதலியவற்றைப் பெயர் சொல்லித் தடைசெய்த 2003ஆம் ஆண்டின் சட்டம் மிகைவட்டியைக் குற்றமாக்கியது. எப்போதோ ஒருமுறை நண்பருக்குக் கொடுப்பவருக்கு உரிமம் தேவையில்லை.

புரோநோட்டின் இடத்தைச் சட்டென்று பிடித்தது காசோலை. வங்கியில் பணம் இல்லாமல் திரும்பும் காசோலையைச் சிறைத்தண்டனைக்குரிய குற்றமாக்கும் 138ஆம் பிரிவு, 1988ஆம் ஆண்டின் திருத்தத்தால் 1881ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர்க்கப்பட்டு 1989 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2002இல் தண்டனையின் உச்சவரம்பு இரண்டு ஆண்டுகளாக உயர்த்தப்பட்டு, காசோலை திரும்பியபின் பணம் கேட்டு அறிவிப்பு அனுப்பும் கெடு 30 நாளாக நீட்டப்பட்டது. காசோலையின் நம்பகத்தன்மையைக் காக்க வந்த பிரிவு, கடனுக்கு ஈடாகத் தேதியிடாத காசோலையை வாங்கி வைக்கும் பழக்கத்துக்கு வழிவிட்டது. கையெழுத்திட்ட வெற்றுப் புரோநோட்டை வாங்கி வைத்த பழைய பழக்கம் புதிய காகிதத்துக்கு இடம் மாறியது. காசோலை கொடுத்தவர்மேல் கடன் இருந்ததையும் சேர்த்தே சட்டம் அனுமானிக்கிறது என்று உச்சநீதிமன்றம் 2010இல் கூறியபோது, கொடுத்தவரின் கை மிக ஓங்கியிருந்தது.

அந்தக் கையைத் தாழ்த்தியதில் வருமான வரிச் சட்டத்துக்கும் பங்குண்டு. 1984இல் சேர்க்கப்பட்ட 269-எஸ்எஸ் பிரிவு, குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட கடனை ரொக்கமாக வாங்குவதைத் தடைசெய்தது. தொடக்கத்தில் 10,000 ரூபாயாக இருந்த அந்த வரம்பு பின்னர் 20,000 ஆக்கப்பட்டது. மீறியவர் வாங்கிய தொகைக்குச் சமமான அபராதம் கட்ட நேரிடும். அபராதம் வாங்கியவருக்கே என்றாலும், ‘ரொக்கமாகக் கொடுத்தேன்’ என்று சாட்சிக் கூண்டில் சொல்பவரை நோக்கி, அந்த ரொக்கம் எங்கிருந்து வந்தது, உங்கள் கணக்கில் ஏன் இல்லை என்ற குறுக்கு விசாரணை இதிலிருந்து வலுப்பெற்றது. 2019இல் உச்சநீதிமன்றத்துக்கு வந்த கர்நாடக வழக்கொன்றில், அறிமுகமானவருக்கு ஆறு லட்சம் ரூபாய் கொடுத்ததாகக் கூறிய ஓய்வுபெற்ற பேருந்து நடத்துநர், அவ்வளவு பணம் தம்மிடம் இருந்ததைக் காட்ட முடியவில்லை; காசோலையில் கையெழுத்து உண்மையானதாக இருந்தும், அனுமானம் முறிந்தது என்று கூறி நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரை விடுவித்தது. அதன் பிறகு கீழ்நீதிமன்றங்களில் காசோலை வழக்கு நடத்துவோர், காசோலையோடும் நோட்டோடும் தம் வங்கிக் கணக்கையும் வருமான வரிக் கணக்கையும் சேர்த்துத் தாக்கல் செய்வது வழக்கமாகி வருகிறது.